ஏலக்காட்டுக்கு ஜீப் ஏறும் அக்காமார்களுக்கு

போடிநாயக்கனூர், சில்லமரத்துப்பட்டி, ராசிங்காபுரம், தேவாரம், கோம்பைப் பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போகிற அக்காமார்களுக்கும் மதினிமார்களுக்கும், போடிக் குடோன்களில் முறத்தோடு உட்கார்ந்து காய் பொறுக்குகிற அத்தைமார்களுக்கும் வணக்கம்.

என் பிழைப்பு பிசியோதெரபி. உங்கள் இடுப்பும் முட்டியும் தோள்பட்டையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஏலச்செடியில் காய் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குவதில்லை. தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு தரையாகக் கிடக்கும். அதனால் ஆடியில் தொடங்கி மாசி வரைக்கும் குத்தவைத்தோ குனிந்தோதான் உங்கள் பகல் கழிகிறது. சாயங்காலம் நிமிரும்போது இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்? அதற்கு நான் சொல்லித்தரும் பயிற்சிகளைச் செய்கிறீர்கள், பலருக்கு வலி குறைகிறது. சிலருக்குக் குறைவதே இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் பிடரி இறுகிக் கிடக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, நடுச்சாமத்தில் முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது, அடிவயிற்றில் என்னவோ உருள்கிறது. "எனக்கு ஒண்ணுமில்லையாம், டாக்டர் சொல்லிட்டாரு" என்று ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்போல் நீங்கள் தலைகுனிந்து சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. உங்களுக்கு நடந்தது கொஞ்சமில்லை. நடந்ததெல்லாம் உடம்பில் இருக்கிறது. உடம்பு வழியாகவே அதை இறக்கி வைக்கவும் முடியும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கடந்த சில வருஷங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த நம் பெண்கள் பலர் காட்டுவழியாக இறங்கி ஓடிவந்தார்கள். 2018-இல் மார்ச்சில் குரங்கணியில் தீ, ஆகஸ்ட்டில் இடுக்கி முழுக்க மண்சரிவும் வெள்ளமும். 2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் நிமிர்வதற்குள் மூன்று வருஷத்தில் ஆயிரத்தைச் சுற்றி வந்து நின்றது. விலை ஏறியபோது உங்கள் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. இறங்கியபோது வேலைநாள் குறைந்தது. 2020-இல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தார்கள், ஜீப் நின்றது, உலை நின்றது. அதே வருஷம் ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வீடுகளை மூடியபோது 70 பேர் போனார்கள். தேயிலைக்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள், நம் சனம். 2023-இல் காட்டு யானை அரிக்கொம்பன் சின்னக்கானலிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டும் கம்பம் தெருவுக்கே வந்து நின்றான். 2024 கோடையில் வெயில் தாங்காமல் ஏலச்செடி தட்டை தட்டையாகக் காய்ந்து சரிந்தது. இவை பேப்பரில் வந்தவை. வீட்டுக்குள் குடியும் அடியும், வட்டிக்காரன் வாசலில் நிற்பதும், பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு வந்து நிற்பதும் எந்தப் பேப்பரிலும் வருவதில்லை.

குரங்கணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று மலையேற வந்த பிள்ளைகள் தீயில் சிக்கியபோது, ஹெலிகாப்டர் வருமுன்னே மேலே ஓடியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருகிய உடம்புகளைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தவர்கள் உங்கள் வீட்டுக்காரர்களும் தம்பிமார்களும்தான். விசாரணை நடந்தது, நிவாரணம் வந்தது, அதெல்லாம் வேண்டியதுதான். தூக்கி வந்தவர்களின் ராத்திரித் தூக்கத்தைப் பற்றி மட்டும் நாம் பேசிக்கொண்டதே இல்லை. "ஆம்பளைக்கு என்ன" என்று விட்டுவிட்டோம். கறி வறுக்கும் வாசனை வந்தால் எழுந்து வெளியே போகிற ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவருக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. அவர் மூக்கு அன்றைக்குக் கற்றதை மறக்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது? போடிமெட்டு ஏறும்போது எதிரே லாரி வருகிறது, ஜீப் ஓரத்துக்கு ஒதுங்குகிறது, கீழே பள்ளம். அந்த நொடியில் நீங்கள் யோசிப்பதில்லை. கை கம்பியை இறுகப் பிடிக்கிறது, மூச்சு நிற்கிறது, வயிறு உள்ளே இழுக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிவிட்டது. ஜீப்புக்குள் பதினைந்து பேருக்கு நடுவில் எங்கே ஓடுவது? லாரி போய்விட்டது, அடுத்த வளைவும் வந்துவிட்டது. தயாரான உடம்பு அப்படியே நிற்கிறது. தோட்டத்தில் இறங்கியதும் கங்காணி கூப்பிடுகிறார், குனிந்துவிடுகிறீர்கள். சாயங்காலம் மறுபடி அதே இறக்கம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இப்படி ஓடினால் இறுக்கமே உடம்பின் சாதாரண நிலை ஆகிவிடும். அப்புறம் ஜீப் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் தோள் காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இறுகவைக்கும் நரம்புகளோடு, தளரவைக்கும் நரம்பு ஒன்றையும் இதே உடம்பு வைத்திருக்கிறது. மூளையின் அடியிலிருந்து தொண்டை, இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்பு. சோதித்துப் பார்க்க மெஷின் வேண்டாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மூச்சை மெல்ல இழுங்கள், அதைவிட மெல்ல விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது நிதானிக்கும். வெளிமூச்சு நீள நீள அந்த நரம்பு இதயத்தைப் பிடித்து நிதானப்படுத்துகிறது. ஆபத்து போய்விட்டது என்று வாயால் நூறு தடவை சொன்னாலும் நம்பாத உடம்பு, நீண்ட வெளிமூச்சைக் கேட்கிறது.

இதெல்லாம் வசதியுள்ளவர்கள் ஏசி ரூமில் பாய் விரித்துச் செய்வது என்று நீங்கள் நினைக்கலாம். அதனால் நாகப்பட்டினத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பிள்ளையைக் கையிலிருந்து அலை பிடுங்கிய தாய்மார்கள், கடலைப் பார்த்தாலே உடம்பு விறைக்கும் மீனவர்கள். பேச்சு வராதவர்களும் பேசினால் மயங்கி விழுகிறவர்களும் இருந்தார்கள். அங்கே இரண்டு விதமான முயற்சிகள் நடந்தன, இரண்டுமே பதிவாகி இருக்கின்றன.

ஒன்று, பீட்டர் லெவின் என்ற அமெரிக்கர் வகுத்த சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் முறை. உளவியலாளர் ராஜா செல்வமும் குழுவினரும் தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமங்களில் அதைச் செய்தார்கள். என்ன நடந்தது என்று கதையைத் தோண்டுவதைவிட, இப்போது உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று கேட்பதுதான் இந்த முறையின் உயிர். நெஞ்சு கனக்கிறதா, தொண்டை அடைக்கிறதா, கை சில்லிட்டிருக்கிறதா? அதையே பொறுமையாகக் கவனிக்கவிட்டு, நடுக்கம் வந்தால் வரவிட்டு, பெருமூச்சு வந்தால் விடச்சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவைப்பார்கள். 150 பேருக்குத் தலைக்கு ஒரே ஒரு தடவை, 75 நிமிஷம். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 90 சதவீதம் பேர் நல்ல முன்னேற்றம் இருப்பதாகவோ, தொந்தரவு முழுக்கப் போய்விட்டதாகவோ சொன்னார்கள். 2008-இல் வெளியான ஆய்வு இது. ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு ஒன்று அதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலம் போகப் போகத் தானாகத் தேறியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம்.

இரண்டாவது முயற்சியில் அந்தக் குறை இல்லை. முகாம்களில் இருந்த 183 பேரை மூன்று குழுவாக எடுத்தார்கள். முதல் குழுவுக்கு நாலு நாளில் எட்டு மணி நேரம் மூச்சுப் பயிற்சி மட்டும். இரண்டாவது குழுவுக்கு மூச்சுப் பயிற்சியோடு, நடந்ததை விவரமாகப் பேசவைக்கும் சிகிச்சையும். மூன்றாவது குழு ஆறு வாரம் காத்திருந்தது. ஆறு வாரம் கழித்து அதிர்ச்சியின் அளவைப் பார்த்தபோது, காத்திருந்தவர்களுக்குச் சராசரியாக நாலைந்து புள்ளிதான் இறங்கியிருந்தது. மூச்சுப் பயிற்சி செய்த இரண்டு குழுவுக்கும் 40 புள்ளியை ஒட்டி இறங்கியிருந்தது. கூடுதலாகப் பேசவைத்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். வாய்விட்டுச் சொல்ல முடியாததை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஜீப் ஏறுகிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர். சொன்னால்தான் ஆறும் என்று யாரும் உங்களை வற்புறுத்த வேண்டியதில்லை. கதையைத் திறக்காமலும் உடம்பைத் தேற்ற முடியும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கும் முன்பே ஒருவர் இந்த வழியில் நடந்திருக்கிறார். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போருக்குள் இருந்துகொண்டே, சித்திரவதைப்பட்டு வந்தவர்களுக்கும் சொந்தங்களை இழந்தவர்களுக்கும் நம் மரபிலிருந்த மூச்சும் சாந்தி ஆசனமும் செபமும் மருந்தாகக் கொடுத்தார். சைவர்களுக்கு ஓங்காரம், கிறிஸ்தவர்களுக்கு இயேசுவின் பெயர், முஸ்லிம்களுக்கு அல்லாவின் புகழ்ச்சொல் என்று அவரவருக்குப் பழகியதையே எடுத்துக்கொண்டார். உங்கள் ஜீப்பிலும் மூன்று மார்க்கத்தாரும் இருக்கிறீர்கள். கந்த சஷ்டியோ செபமாலையோ திக்ரோ, மூச்சு நீளமாக வெளியே போகும்படி நிதானமாகச் சொன்னால் உடம்புக்கு அது ஒரே வேலையைத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் உளமருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் 64 பெண்களிடம் யோகாவைச் சோதித்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார். பல வருஷச் சிகிச்சைக்கும் அசையாத அதிர்ச்சி அவர்களுக்கு. வாரம் ஒரு மணி நேரம் யோகா, பத்து வாரம். முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு அந்த அதிர்ச்சி நோயின் இலக்கணமே பொருந்தவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் அது 21 சதவீதம். முழுசாகக் குணமாக்கும் மந்திரம் என்று இதை யாரும் சொல்லவில்லை. பாதிப்பேருக்குப் பலன், மீதிப்பேருக்கு வேறு உதவி வேண்டும் என்பதுதான் நேர்மையான கணக்கு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்த வழியின் பெரும்பகுதி உங்கள் கையில்தான் இருந்தது. சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஒப்பாரி வைப்பதை எண்ணிப் பாருங்கள். நீண்ட ராகம் என்றால் நீண்ட வெளிமூச்சு. தோள்மேல் கை இருந்தால் தனியாக இல்லை என்று உடம்புக்குத் தெரிகிறது. ஆட்டம் இறுகியதை இளக்குகிறது. இழந்தவளுக்குக் கதறத் தெம்பில்லை என்றால் பாட்டுத் தெரிந்த கிழவி அவளுக்காக எடுத்துக்கொடுப்பாள். முளைப்பாரிக்குக் கும்மி அடிக்கும்போது ஐம்பது பேர் கையும் காலும் ஒரே தாளத்தில் விழும். அன்றைக்கு ராத்திரி எல்லாரும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவீர்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது தலையை மடியில் சாய்த்து உச்சியில் அடித்துத் தேய்ப்பதும், வீட்டு நடையில் ஒருவருக்கு ஒருவர் தலைபார்ப்பதும் இதே வகைதான். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றே ஒரு பிரிவு இருக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது விதமாகத் தொட்டுச் சரிசெய்வார்கள்.

அந்தப் பழக்கங்கள் எல்லாம் மெலிந்துவிட்டன. சாவு வீட்டில் இப்போது ஸ்பீக்கர் பாடுகிறது, பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் அதுவும் போயிற்று. மூட்டையாகக் கட்டி ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், முகம் பார்க்கவில்லை, கட்டிப்பிடித்து அழ யாரும் வரவில்லை. 2009-இல் வன்னியில் செத்தவர்களுக்குச் சடங்கு செய்ய முடியாமல் போனவர்களின் துக்கம் வருஷங்கள் கழித்தும் ஆறாமல் நின்றதை தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். நம் தெருக்களிலும் அப்படி அழாமல் விட்ட சாவுகள் இருக்கின்றன. இத்தனை வருஷம் கழித்தாவது, ஒரு வருஷாந்திரத்துக்கோ ஆடி அமாவாசைக்கோ அந்த வீட்டு வாசலில் கூடி உட்கார்ந்து அழுதுவிட்டு வாருங்கள். காலம் கடந்துவிட்டது என்று தயங்க வேண்டாம். உடம்புக்கு அந்தத் தேதிக்கணக்கு கிடையாது.

தினமும் என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன். தோட்டத்தில் இறங்கியதும் உடனே குனியாதீர்கள். இரண்டு காலையும் ஊன்றி நின்று, கழுத்தை மெதுவாகத் திருப்பிச் சுற்றிலும் பாருங்கள். மரம், சரிவு, கூட வந்தவர்கள் முகம். ஏறிவந்த வழி முடிந்துவிட்டது, நிலத்தில் நிற்கிறோம் என்று கண் வழியாக உடம்புக்குத் தெரியட்டும். அப்புறம் கையை உதறுங்கள், தோளை உதறுங்கள், முட்டியைத் தளர்த்திக் குலுக்குங்கள். ஒரு சினிமாப் பாட்டின் பல்லவி ஓடும் நேரம் போதும். முதல் நாள் சிரிப்பு வரும். நன்றாகச் சிரியுங்கள், அதுவும் வெளிமூச்சுதான். பிறகு மூன்று எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், பத்துத் தடவை. எண்ணுவது சிரமமாக இருந்தால் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகியபடி விடுங்கள். தாலாட்டில் நீங்கள் செய்கிற அதே முனகல்.

காய் எடுக்கும்போது ஒரே காலில் பாரம் போட்டு மணிக்கணக்காகக் குத்தவைக்க வேண்டாம். ஒரு தூர் முடிந்து அடுத்த தூருக்குப் போகும் இடைவெளியில் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் சாய்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, மழையில்லாத நாளாக இருந்தால், சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக் காலை ஒரு மரத்தின் வேரிலோ கல்லிலோ தூக்கி வையுங்கள். அட்டைக் காலத்தில் தரையில் படுக்க முடியாது. ஸ்டோர் திண்ணையில் படுக்கலாம், இல்லையென்றால் இருவர் இருவராக முதுகோடு முதுகு சாய்ந்து உட்காருங்கள். அடுத்தவர் மூச்சு உங்கள் முதுகில் ஏறி இறங்குவது தெரியும். கொஞ்ச நேரத்தில் இரண்டு மூச்சும் ஒன்றாகிவிடும். நான் சொல்லித்தரும் எல்லாவற்றிலும் பெண்கள் மறுபடி மறுபடி கேட்பது இதைத்தான். சாயந்தரம் ஜீப் கிளம்புமுன் ஒருவர் தோளை ஒருவர் அழுத்திவிடுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலருக்குத் தொடுகையே பயம். வீட்டில் அடிபட்டவர்களுக்கும், வேறு கொடுமை பட்டவர்களுக்கும் அப்படி இருக்கும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே போதும்.

குடோனில் பொறுக்கும் அத்தைமார்களுக்கு வேறு சிரமம். எட்டு மில்லி, ஏழு மில்லி என்று பிரித்த காயில் வெடித்ததையும் வெளிறியதையும் பொறுக்கும்போது கண் முறத்தைவிட்டு நகர்வதே இல்லை, கழுத்து கீழேயே நிற்கிறது. மணிக்கு ஒரு தடவை முறத்தை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வாருங்கள். போடியில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். அதன் உச்சியைப் பார்த்தபடி பத்து மூச்சு.

கண்ணை மூடச் சொன்னால் சிலருக்கு அந்தத் தீயோ அந்த ராத்திரியோ முன்னால் வந்து நிற்கும். அவர்கள் கண்ணை மூடவே வேண்டாம். நடுக்கமோ அழுகையோ வந்தால் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை, கட்டி நின்றது கரைகிறது. ஆனால் நிற்காமல் கூடிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்தி, தண்ணீர் குடித்து, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் தனியாக முயல வேண்டாம். உயிர்மேல் வெறுப்பு வந்தால், ராத்திரி பகல் எந்நேரமானாலும் 14416-க்குப் போன் போடுங்கள். அரசு நடத்தும் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை, காசில்லை, தமிழில் பேசுவார்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் ஒரு குறைவும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த மூச்சை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஏலத்துக்கு அடிக்கிற அளவுக்கு மருந்து அடிக்கும் பயிர் இந்த நாட்டில் குறைவு. மருந்தடித்த தோட்டத்தில் வேலை செய்த அன்று வாயில் எச்சில் ஊறி, கண்ணில் நீர் வடிந்து, பார்வை மங்கி, குப்பென்று வேர்த்து, குமட்டி, சதை துடித்தால் அது பயமோ படபடப்போ கிடையாது. அது விஷம் ஏறியது. மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காராதீர்கள். போட்டிருக்கும் துணியை மாற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, முடிந்தால் மருந்துப் பாட்டிலின் லேபிளோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதேபோல் நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ இறங்கினாலும் நேரே ஆஸ்பத்திரிதான். ஒரு தடவை டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் என் பேச்சுக்கு வேலை.

இந்த மடலைக் காட்டி உங்களைப் பொறுத்துப்போகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். மூச்சுவிடக் கற்றுக்கொண்டாயிற்று, இனி ஜீப்பில் இன்னும் நாலு பேரை ஏற்றலாம் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். 1951-இல் தேயிலை, காப்பி, ரப்பருக்கு எழுதிய தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பிற்பாடு திருத்தம் செய்து ஏலத்தையும் சேர்த்தார்கள். குடிநீர், கழிப்பறை, வைத்தியம் எல்லாம் அதில் இருந்தது. பகல் முழுக்க ஒதுங்க இடமில்லாமல் அடக்கிக்கொண்டு வேலை செய்யும் பெண்ணின் அடிவயிறு எந்த ஆசனத்தில் தளரும்? இடமில்லாத ஜீப், கழிப்பறை இல்லாத காடு, முகமூடி தராத மருந்தடிப்பு இவற்றைத் தட்டிக் கேட்கவும் தெம்பு வேண்டும். 2015-இல் மூணாறில் தேயிலைக்காட்டுப் பெண்கள், சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்திவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்று ரோட்டில் உட்கார்ந்து போனஸ் வாங்கினார்கள். நாள்கணக்கில் வெயிலிலும் மழையிலும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்த அந்த உடம்புகளுக்குப் பயம் எப்படிப் போயிற்று என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. தனித்தனியாக வீட்டில் இருந்திருந்தால் போயிருக்காது.

தோட்ட முதலாளிகளிடமும் கங்காணிகளிடமும் நான் கேட்பது காலையில் பத்து நிமிஷம், கூலியில் பிடிக்காமல். குடோன்காரர்களிடம் கேட்பது மணிக்கு ஐந்து நிமிஷம். பொது சுகாதாரத் துறையிடம் கேட்பது ஒன்றுண்டு: மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் செவிலியர்களும் நீங்கள் மலைக்குப் போன நேரத்தில் உங்கள் தெருவுக்கு வந்து பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்கள். ஜீப் கிளம்பும் இடத்துக்கும் திரும்பி வரும் இடத்துக்கும் அவர்கள் வரட்டும்.

உங்களிடம் கேட்பதும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஜீப்பில், உங்கள் தெருவில், ஒப்பாரியும் கும்மியும் இன்னும் முழுசாகத் தெரிந்த ஒரு அப்பத்தா இருப்பார். தலைப்பிடித்து விடுவதில் கைராசிக்காரி ஒருத்தி இருப்பாள். இந்த வாரமே அவர்களிடம் போய் உட்காருங்கள், சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களை முன்னால் வைத்துக்கொண்டு பத்துப் பேராகச் சேர்ந்து தொடங்குங்கள். மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் அன்றே, கணக்குப் பார்த்து முடித்ததும் அரைமணி நேரம் போதும். எந்த ஊர், எந்தக் கிழமை என்று சொல்லி அனுப்புங்கள். முதல் தடவைக்கு நான் வந்து கூட உட்காருகிறேன்.

உங்கள் போடிக்காரி